வயிறு நோயாம், தோல் அழகாம்

என் உடம்பின் பேரில் போடப்பட்ட இரண்டு பில்கள் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது, 2022 நவம்பரில் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கியதற்கு. தொகை 4,12,640 ரூபாய். இரண்டாவது, 2025 பிப்ரவரியில், எடை இறங்கிய பிறகு அடிவயிற்றில் தொங்கிப்போன தோலை அறுத்தெடுத்ததற்கு. தொகை 2,30,100 ரூபாய். முதல் பில்லின் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது. இரண்டாவதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை; போதாக்குறைக்கு அந்தத் தொகைக்குள் 35,100 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பிறர் கணக்கை எழுதிவருபவள் நான். ஒரே வியாதியின் முன்பாதி ‘நோய்’ என்றும் பின்பாதி ‘அழகு’ என்றும் இரண்டு தலைப்புகளில் பதியப்படுவதை என் சொந்தக் கணக்கை எழுதும்போதுதான் கண்டேன்.

எடை ஏறிய கதையை நீட்டப்போவதில்லை. இரண்டு பிரசவம், நாள் முழுக்க நாற்காலி வேலை, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நாட்களில் இரவு பத்து மணிக்குப் பரோட்டா, தாய்வழியில் எல்லோருக்கும் உள்ள சர்க்கரை. 2022 தொடக்கத்தில் என் உயரம் 164 சென்டிமீட்டர், எடை 106 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் பி.எம்.ஐ. 39.4. மூன்று வகை மாத்திரை விழுங்கியும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.2-இல் நின்றது. குறட்டைக்காக எடுத்த தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. சர்க்கரை மருத்துவர்தான் முதலில் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். ‘ஸ்லீவ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த முறையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை நீளவாக்கில் ஸ்டேப்லர் போட்டு வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்.

அவர் சொன்ன அன்றிரவே நான் எடுத்துப் படித்தது பாலிசிப் புத்தகத்தைத்தான். உடல் பருமன் அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது என்று ஊரில் பொதுவாக நம்புகிறார்கள். ஏஜென்டுகளே அப்படிச் சொல்கிறார்கள். அது முழு உண்மையன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்குப் பிரிவுகளை வகுத்துக் கொடுத்தது. அதில் ஆறாவது பிரிவு, உடல் பருமன் சிகிச்சையைச் சில நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் மட்டும் விலக்குகிறது. மருத்துவர் அறிவுரையின் பேரில், மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டு நடக்க வேண்டும். வயது பதினெட்டுக்குக் குறையக்கூடாது. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால், எளிய முறைகளில் எடையைக் குறைக்க முயன்று தோற்றிருப்பதோடு, பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றேனும் இருக்க வேண்டும். அரைப் புள்ளிக்குச் சற்றுக் கூடுதலான அளவில் நான் 40-ஐத் தவறவிட்டிருந்தேன். வாழ்நாளில் முதல் முறையாக, இன்னும் இரண்டு கிலோ கூடியிருக்கலாமே என்று ஏங்கினேன்.

இந்த எல்லைக்கோடுகளை மருத்துவர்கள் எப்போதோ கடந்துவிட்டார்கள். நம் நாட்டவருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வந்துவிடுவதால், 37.5-ஐயும் இணைநோய் இருந்தால் 32.5-ஐயும் எல்லையாகக் கொள்ளலாம் என்று இந்திய மருத்துவர்கள் 2009-லேயே பரிந்துரைத்தார்கள். நான் மேசையில் படுத்த 2022-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஒன்றும் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து அந்தக் கோட்டைப் பொதுவில் 35-க்கும், ஆசியர்களுக்கு 27.5-ஐக் கணக்கில் எடுக்கும் அளவுக்கும் இறக்கின. நான் கையெழுத்திட்ட பாலிசியில் 40-ம் 35-ம் அப்படியே இருந்தன.

எனக்குப் பிடித்த கேள்வி ‘எளிய முறைகளில் முயன்று தோற்றதற்கு’ நிறுவனம் கேட்ட சான்று. வ.உ.சி. மைதானத்தை இரண்டு வருடம் காலையில் சுற்றி நடந்திருக்கிறேன். நடந்ததற்கு யாரும் ரசீது தருவதில்லை. பெருமாள்புரத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஐந்து மாதம் பணம் கட்டிய ரசீது இருந்தது. உணவு ஆலோசகர் எழுதித் தந்த அட்டை இருந்தது. எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது சர்க்கரை மருத்துவரின் நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறையும் எடையைப் பதிந்து, ‘உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி வலியுறுத்தப்பட்டது’ என்று சலிக்காமல் எழுதியிருந்தார். எழுதும்போது அதை நான் வெறும் சடங்கு என்றுதான் நினைத்தேன். பிற்பாடு அந்த ஒற்றை வரியின் பதினொரு பிரதிகள்தாம் எனக்கு மூன்றரை லட்சம் ரூபாயைப் பெற்றுத்தந்தன.

இன்னொன்றும் உதவியது. 2018-இல் பாலிசி எடுத்தபோது, “சர்க்கரையை எழுதாதீங்க மேடம், பிரீமியம் ஏறும், நாலு வருஷம் காத்திருக்கவும் சொல்லுவான்” என்று ஏஜென்ட் அறிவுரை சொன்னார். எழுதினேன். பிரீமியம் ஏறியது, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கேட்க நாற்பத்தெட்டு மாதக் காத்திருப்பும் வந்தது. 2022 ஜூனில் அது முடிந்தது. மறைத்திருந்தால், ‘கட்டுப்படாத சர்க்கரை’ என்பதையே காரணமாகக் காட்டி உரிமை கோரும் நாளில், அதே சர்க்கரையை மறைத்த குற்றத்துக்காகத் தள்ளியிருப்பார்கள். அந்தக் காத்திருப்பின் உச்ச வரம்பை 2024-இல் முப்பத்தாறு மாதமாகக் குறைத்துவிட்டார்கள் என்பதை இப்போது பாலிசி எடுப்பவர்களுக்காகக் குறிக்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணவரின் அரிசிக்கடை வருமானமும் என் சம்பளமும் சேர்ந்தால் அதைத் தாண்டும். ஆகவே அந்தக் கதவை நான் தட்டவில்லை.

அறுவைச் சிகிச்சை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. கல்லீரல் சுருங்குவதற்காக அதற்கு முந்திய இரண்டு வாரம் நீராகாரம் மட்டுமே. அதில் எடை 101.5 கிலோவுக்கு இறங்கியது. சேர்க்கைத் தாளில் அந்த எடைதான் ஏறியது. உடனே காப்பீட்டுத் தரப்பிலிருந்து, ‘விண்ணப்பத்தில் 39.4, சேர்க்கையில் 37.7, வேறுபாட்டுக்கு விளக்கம் தேவை’ என்று கேள்வி வந்தது. அறுவைச் சிகிச்சை நிபுணர் நான்கு வரி எழுதிக் கொடுத்து முடித்துவைத்தார். எனக்கு இரண்டு எண்களும் 35-க்கு மேல் இருந்ததால் தப்பித்தேன். 35.5-இல் நிற்கும் ஒருவர் மருத்துவர் சொற்படி பட்டினி கிடந்து 34-க்கு இறங்கினால், சொன்னபடி கேட்ட குற்றத்துக்கே தகுதி இழந்ததாக வாதம் வரலாம். நீராகாரம் தொடங்கும் முன்பே மருத்துவமனைத் தராசில் ஏறி, அந்த எடையை மருத்துவர் கையெழுத்தோடு பதிய வைப்பது எல்லையில் நிற்பவர்களுக்கு அவசியம்.

சேர்ந்த அன்று மதியம் என் மாமியார், அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற நர்ஸிடமெல்லாம், “ஏம்மா, நெறைய தின்னுட்டான்னு வயித்த வெட்டுதியளே, சோறு போடாம பூட்டி வச்சாப் போதாதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். குறும்புக்காகக் கேட்கவில்லை. மெய்யாகவே அவருக்கு விளங்கவில்லை. வெட்டி எடுக்கும் இரைப்பையோடு பசியைத் தூண்டும் சுரப்பின் பெரும்பகுதியும் போய்விடுகிறது என்று ஒரு பயிற்சி மருத்துவர் பொறுமையாக விளக்கியபின், “அப்பம் பசிக்காதா? பசிக்காம மனுசி எப்படி இருப்பா?” என்று கவலை வேறு திசைக்குத் திரும்பியது.

இனி அந்தப் பில். அறை வாடகை மூன்று நாளுக்கு 19,500. அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,72,000. ஸ்டேப்லர், அதில் மாட்டும் கார்ட்ரிட்ஜ்கள், மருந்து, இதரப் பொருள்கள் 1,84,000. பரிசோதனைகள் 24,640. கையுறை, பதிவுக் கட்டணம், சாப்பாடு போன்ற பாலிசியில் சேராதவை 12,500. அறை வாடகை நாளுக்கு 5,000-ஐத் தாண்டியதால் விழுந்த ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 975 ரூபாயும் இதற்குள் அடக்கம். இந்த அறுவையில் டாக்டரின் கைக்குக் கொடுப்பதைவிட அவர் கையில் இருக்கும் கருவிக்குக் கொடுப்பது அதிகம் என்பதைப் பலர் அறிவதில்லை. கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் ஒரு முறை அடித்தால் முடிந்தது. இரைப்பையின் நீளத்துக்கு ஏற்ப ஐந்து, ஆறு என்று தேவைப்படும். மதிப்பீடு கேட்கும்போது, எத்தனை கார்ட்ரிட்ஜ் என்று எண்ணி எழுதித் தரச் சொல்வது நல்லது.

என் பாலிசித் தொகை ஐந்து லட்சம். அறை வாடகை அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 வரைதான். அன்று காலியாக இருந்தது 6,500 ரூபாய் அறை. ஆயிரத்து ஐந்நூறுதானே, கைக்காசு போட்டுக்கொள்ளலாம் என்று என் கணவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கணக்கு எழுதுகிறவள் தலையாட்டியிருக்கக் கூடாது. வரம்புக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் கழித்துவிட்டு விடமாட்டார்கள். மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று மாலை வந்த ஒப்புதல் 3,07,800 ரூபாய்க்கு. மீதி 1,04,840-ஐக் கட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம். என் மைனி அங்கேயே கழுத்திலிருந்த ஆரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். என் கணவர் வெளியே ஓடி நகைக்கடன் வாங்கி வந்தார். அந்த நேரத்தில் நான் முப்பது மில்லி கிண்ணத்தில் கால் மணிக்கு ஒரு முறை தெளிந்த சூப்பைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, படுக்கையில் சாய்ந்தபடி கால்குலேட்டரை எடுத்தேன். 3,07,800 எப்படி வந்தது? பாலிசியில் சேராத 12,500-ஐக் கழித்தால் 4,00,140. அதைப் பத்தால் பெருக்கிப் பதின்மூன்றால் வகுத்தால் சரியாக 3,07,800. ஆக, 5,000-க்கும் 6,500-க்கும் உள்ள விகிதத்தை ஸ்டேப்லருக்கும் மருந்துக்கும் பரிசோதனைக்கும்கூடப் போட்டு வெட்டியிருந்தார்கள். 2020-இல் ஆணையம் இதைத் திருத்தியிருக்கிறது: மருந்து, பயன்படுத்தித் தீரும் பொருள்கள், உடலில் பொருத்துபவை, மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றை அந்த விகித வெட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஸ்டேப்லரின் விலை, நோயாளி ஏ.சி. அறையில் படுத்தாலும் பொது வார்டில் படுத்தாலும் ஒன்றுதானே. அறைக்கு 15,000, கட்டணங்களில் பதின்மூன்றில் பத்துப் பங்காக 1,32,308, மருந்து, கருவி, பரிசோதனை முழுமையாக என்று கூட்டினால் எனக்கு வரவேண்டியது 3,55,948. குறைத்துக் கொடுத்தது 48,148. ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் எழுதி, அட்டவணை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவதாகவும் கடைசி வரியில் சேர்த்தேன்; அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இருபத்தாறாம் நாள் பணம் வங்கிக் கணக்கில் விழுந்தது. மன்னிப்போ விளக்கமோ வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. முதல் அறுவையில் என் கைவிட்டுப் போனது கடைசியில் 56,692 ரூபாய்.

அதற்குப் பிறகு தொடர்ந்த செலவுகள் எந்தப் பில்லிலும் சேராதவை. முதல் ஆறு மாதம் புரதப் பொடி மாதம் 2,400. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று மாதம் ஏறக்குறைய 900 ரூபாய்க்கு மாத்திரை. உயிரோடு இருக்கும்வரை நிறுத்தக் கூடாது. நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அது தானாக நிற்கும் என்று தெரியாமல் எண்ணெய்க்கும் தைலத்துக்கும் கொடுத்தது தண்டம். மறுபக்கம் சர்க்கரை மாத்திரைச் செலவு 2,300-இலிருந்து 180-க்கு இறங்கியது. வருமான வரியில் இந்தச் செலவுகளுக்குச் சலுகை கிடைக்குமா என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களே கேட்கிறார்கள். பழைய வரிமுறையில் இருந்தால் பிரீமியத்துக்காக வருமானத்திலிருந்து 25,000 வரை கழித்துக்கொள்ளலாம். என் வயதுக்காரர்கள் அறுவைக்குக் கொடுத்த பணத்துக்கு அதில் இடமில்லை.

பதினெட்டு மாதத்தில் 68 கிலோவுக்கு வந்தேன். குறட்டை நின்றது. அக்காள் மகள் கல்யாணத்தின் மறுவீட்டுச் சாப்பாட்டில் இரண்டு கரண்டிச் சொதியில் வயிறு நிறைந்து எழுந்தபோது, பந்தி பரிமாறியவர்கள் என்னைக் கோபித்துக்கொண்டு போகிறவளாக நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் இளைத்துவிட்டாய் என்றார்கள். ஆனால் முப்பத்தெட்டு கிலோவை உள்ளே வைத்திருந்த தோல் எங்கே போகும்? சேலைக்குள் அது ஒரு மடிப்பாக, கைவிரல் அகலத்துக்கு அல்ல, முழங்கை அகலத்துக்குத் தொடைமேல் விழுந்து கிடந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எதை ‘அழகு’ என்றார்கள் என்பது இதில்தான் இருக்கிறது. திருநெல்வேலிச் சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் அந்த மடிப்புக்குள் காற்றுப் புகாது. வியர்வை தேங்கி, தோலோடு தோல் உரசி, காலையில் சிவப்பாக இருப்பது மாலையில் புண்ணாகிவிடும். என் கணவரின் பழைய வேட்டிகளைச் சாண் அகலத்துக்குக் கிழித்து, நான்காக மடித்து, குளித்துத் துடைத்ததும் அந்த மடிப்பின் உள்ளே நீளமாக வைப்பேன். அதன்மேல்தான் பாவாடை நாடா வரும். அலுவலகத்தில் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கழிப்பறைக்குப் போய் ஈரத் துணியை எடுத்துவிட்டு உலர்ந்ததை வைப்பேன். ஈரத் துணிக்கு மூடி இறுக்கமான ஓர் எவர்சில்வர் டப்பா. வாடை வெளியே வரக் கூடாது. மாலையில் வெந்நீரில் அலசிக் கொல்லைப்புறக் கொடியில் காயப்போட்டால் பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள் வரிசையாக ஆடும். “என்னட்டி இது, வீட்டுல கைப்பிள்ள இருக்கா?” என்று பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் மதில்மேல் கையூன்றிக் கேட்டார்.

முதலில் நான் மருத்துவரிடம் போகவில்லை. மருந்துக்கடை அண்ணாச்சி கொடுத்த களிம்பைப் போட்டேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது, நிறுத்தினால் முன்னைவிட அகலமாகப் படர்ந்தது. பாளையங்கோட்டையில் தோல் மருத்துவர் அந்தக் களிம்பைப் பார்த்ததும் குப்பைக்கூடையில் போட்டார். பூஞ்சைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு போட்டால் சிவப்பு மறையும், பூஞ்சை உள்ளே வளரும் என்றார். அவர் வைத்தியத்தில் ஆறும். அடுத்த வெயிலில் வரும். “மடிப்பு இருக்கிறவரைக்கும் வந்துகிட்டேதான் இருக்கும்” என்று மூன்றாம் முறை அவரே பிளாஸ்டிக் சர்ஜனுக்குச் சீட்டு எழுதினார்.

சர்ஜன், எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்கட்டும் என்று காக்கவைத்தார். பிறகு இரண்டு வகை உண்டு என்று விளக்கினார்: தொங்கும் தோலை மட்டும் வெட்டி எடுப்பது ஒன்று, தோலோடு வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்துத் தொப்புளையும் இடம் மாற்றுவது இன்னொன்று, அதுதான் ‘டம்மி டக்’. கையிலும் தொடையிலும் தோல் தொங்கத்தான் செய்தது. அவை புண்ணாவதில்லை, முழங்கை வரை ரவிக்கை தைத்துப் போட்டால் தீர்ந்தது. புண்ணாகும் இடத்துக்கு மட்டும், முதல் வகையே போதும் என்று முடிவு செய்தேன். நான் எடுத்த முடிவுகளில் காப்பீட்டுக்காரர்கள் பாராட்டியிருக்க வேண்டிய முடிவு அது.

தோல் மருத்துவரின் சான்று, இரண்டு கோடைகளின் மருந்துச் சீட்டுகள், புண்ணின் புகைப்படங்கள் என்று கோப்பு கட்டி முன்னனுமதி கேட்டேன். இரண்டே நாளில் மறுப்பு வந்தது. காரணம் எட்டாவது விலக்குப் பிரிவு: தோற்றத்தை மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும், அழகுக்கான அல்லது பிளாஸ்டிக் அறுவைக்கும் பணம் கிடையாது, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பு என்றால் உண்டு, அல்லது, ‘நேரடியான, உடனடியான’ உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவத் தேவையாக அமைந்து, சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் உண்டு. அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு சந்து தெரிந்தது. சான்றில் ‘உடனடி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் தரும்படி சர்ஜனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டிவிட்டு, “நேரடின்னு எழுதுதேன்மா. உடனடின்னு எப்படி எழுத? நீங்க இப்படியே பத்து வருஷம் துணி மாத்திக்கிட்டு இருக்கலாம், உயிருக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். வெளியே வரும்போது கோபமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் என் மேசையில் ஒரு வாடிக்கையாளர், தேதி மாற்றிய ரசீது ஒன்றைச் செலவில் சேர்க்கச் சொன்னபோது நான் மறுத்தேன். மறுத்துவிட்டுச் சர்ஜனை நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல் இல்லாமல் குறைதீர்ப்பாளரிடம் போய்ப் பயனில்லை என்று நானே விட்டுவிட்டேன்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, விதியின்மேல் இருக்கிறது. விபத்து ஒரு நாளில் நடப்பது, அதனால் அதன் தழும்பைச் சீராக்கப் பணம் தருகிறார்கள். நிறுவனமே பணம் கொடுத்துச் செய்த அறுவையின் நேர் விளைவாக வந்த தோல், இரண்டு கோடையிலும் தவறாமல் புண்ணானாலும், எந்த ஒரு நாளிலும் ‘உடனடி’ ஆகாது. நாள்பட்டது என்பதே அதன் குற்றம். வரிச் சட்டமும் இதே பாதையில்தான் போகிறது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அழகுக்கான அறுவைக்கும் பிளாஸ்டிக் அறுவைக்கும் இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம், அதிர்ச்சிக் காயம் ஆகியவற்றால் கெட்ட உடலமைப்பையும் செயலையும் மீட்பதற்கு மட்டும் அதில் விதிவிலக்கு. அந்தப் பட்டியலில் எடை இறங்கியவர் இல்லை. எனவே மருத்துவமனைத் தொகுப்புக் கட்டணம் 1,95,000. அதன்மேல் பதினெட்டு சதவீதம் 35,100. தொழில் நடத்துகிற யாராவது கட்டிய வரி என்றால் உள்ளீட்டு வரியாக, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, வழி உண்டா என்று என் மூளை பழக்கத்தில் தேடியது. நோயாளிக்கு ஏது உள்ளீட்டு வரி.

பணம் எங்கிருந்து வருவது என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோதுதான் அந்த ‘அழகு’ என்ற சொல் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று தெரிந்தது. முதல் அறுவைக்கு ஆரத்தைக் கழற்றிக் கொடுத்த அதே மைனி, “மைனி, தப்பா நெனக்காதிய, மேல சேலை உடுத்துனா யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள். மாமியார் சுருக்கமாக முடித்தார்: “தோல வெட்டுததுக்கு ரெண்டரை லட்சமா? நீ என்ன சினிமாவுலயா நடிக்கப் போற?” நான் பதில் சொல்லவில்லை. அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கொடியைக் காட்டினேன். அதுவரை அவர் அவற்றை அடுப்படித் துணி என்று நினைத்திருந்தார். அன்று மாலை, பெட்டியிலிருந்து தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துவந்து, “வேட்டியவிட இது மெதுவா இருக்கும்” என்று என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மருத்துவமனையில் தவணைத் திட்டம் இருப்பதாகச் சொன்னார்கள். வட்டியில்லை என்று சொல்லிச் செயலாக்கக் கட்டணமாக முன்பே பிடித்துக்கொள்வதைக் கணக்கிட்டுப் பார்த்து வேண்டாம் என்றேன். வேறு வழி என் கையிலேயே இருந்தது. சரியாகச் சொன்னால், கையில் நிற்காமல் இருந்தது. கல்யாணத்துக்குப் பின் கை பருத்தபோது அடித்த ‘இரண்டு எட்டு’ அளவு வளையல்கள், இப்போது ‘இரண்டு நாலு’ கைக்கு உருவி விழுந்தன. ஒவ்வொன்றும் ஒன்றரைப் பவுன். அழித்துச் சிறிதாகச் செய்யலாம் என்று வைத்திருந்தேன். பவுன் அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்த நேரம். இரண்டையும் டவுனில் விற்றேன். மீதி எழுபதாயிரத்தை ஏலச்சீட்டு எடுத்துச் சரிக்கட்டினேன். இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு இரண்டு 6,400, பரிசோதனை 5,500, மதுரைக்குப் போகவர, தங்க 14,000. ஆக மொத்தம் தோலின் கணக்கு 2,56,000.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தையல், இரண்டு பக்கமும் நீர் வடியக் குழாய்கள், ஒன்பதாம் நாள் குழாய் எடுத்தது, ஆறு வாரம் அந்த இறுக்க உடுப்பு. இடப்பக்கம் ஒரு முறை நீர் கோத்து ஊசியால் உறிஞ்சினார்கள். எடுத்த தோலின் எடை 2.4 கிலோ என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. அந்தச் சித்திரையில் கொல்லைக் கொடியில் துண்டுகள் ஆடவில்லை.

நான் வீடு திரும்பிய அடுத்த மாதம், எடையைக் குறைக்க வாரம் ஒரு முறை போடும் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அவசரப்பட்டு வயிற்றை வெட்டிவிட்டாயே என்று அலுவலகத் தோழி அங்கலாய்த்தாள். வந்த புதிதில் குறைந்த அளவு மருந்துக் குப்பி ஒன்று 3,500, அடுத்த அளவு 4,375. மாதத்துக்கு நான்கு குப்பி. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதால் இரண்டரை ஆண்டு போட்டால் என்ன ஆகும் என்று அவளே கணக்குப் போட்டுப் பார்த்து அமைதியானாள். ஊசியில் இளைத்தாலும் தோல் தொங்கும் என்பதை நான் சொல்லவில்லை.

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். அவளுக்கு 36 பி.எம்.ஐ., சர்க்கரை, மூட்டுவலி. “எக்கா, மொத்தம் எவ்வளவு ஆகும், ஒரே வார்த்தையில சொல்லு” என்றாள். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன்; இன்னும் இல்லை, முதலில் பணத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தாளாம். மூட்டுவலி அந்த ஆறாவது பிரிவின் பட்டியலில் இல்லை, சர்க்கரை கட்டுப்படவில்லை என்பதற்குத்தான் தாள் வேண்டும் என்று தொடங்கி, கார்ட்ரிட்ஜ், அறை வாடகை என்று போய், தோல் வரைக்கும் வந்தபோது அவள் பக்கத்தில் சத்தமே இல்லை.

“இருக்கியாட்டி?”

“இருக்கேன்க்கா. எழுதிக்கிட்டு இருக்கேன்.”

“எழுதாண்டாம். ஞாயித்துக்கெழம பாலிசிப் புஸ்தகத்தையும் சர்க்கரை டாக்டர் நோட்டையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. மொதல்ல ஆஸ்பத்திரித் தராசுல ஏறி எடை போட்டுத் தேதியோட கையெழுத்து வாங்கிட்டு வா. அதுவரைக்கும் பட்டினி கிடந்துராத.”